உப்பு போகும் வழி

அல்போன்சாவின் விரலில் டெய்சி மறுபடியும் சோப்பைத் தேய்த்தாள். மோதிரம் கணுவைத் தாண்ட மறுத்தது. உயிர் விடியற்காலையிலேயே போயிருந்தது. குளிர்பெட்டிக்காரர் வாசலில் நின்றார்.

"அக்கா விரலா இது? இம்புட்டு வீங்கிக் கெடக்கு," என்றாள் அல்போன்சாவின் தங்கை பிரிஸ்கில்லா.

"எல்லாம் என்னாலதான் சித்தி. அம்மாவுக்கு உப்பு ஆகாதுன்னு தெரிஞ்சும் நார்த்தங்கா ஊறுகா குடுத்துவிட்டேன்." டெய்சி மோதிரத்தைத் திருகிப் பார்த்தாள்.

சுவரோரம் நின்ற ஞானதாஸ் மனைவியின் விரலையே பார்த்தார். மருந்துக்கடையில் முப்பது வருடம் மாத்திரை எடுத்துக் கொடுத்தவர் அவர். இதயம் பலவீனம் என்று டாக்டர் நீர் மாத்திரை எழுதித் தந்த அன்று, அது வேலை செய்யும் விதத்தை அவளுக்கு ஆசையாக விளக்கினார். சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும்போது உப்பையும் தண்ணீரையும் முதலில் வெளியே விட்டுவிடும். பிறகு, வேண்டியதை வழியிலேயே திரும்ப இழுத்துக்கொள்ளும். உப்பு திரும்பும் ஒரு கதவை மாத்திரை அடைக்கிறது. திரும்ப முடியாத உப்பு வெளியேறும். தண்ணீரும் அதன் பின்னாலேயே போகும்.

"கதவு தொறந்தே கெடந்தா?" என்று அவள் கேட்டாள்.

"தண்ணி உள்ளயே தங்கும். மொதல்ல கால்ல. அப்புறம் நெஞ்சுல."

மாத்திரை போட்டால் காலை முழுக்க அடிக்கடி ஒதுங்க வேண்டும். போன வருடம் எல்லாருமாக வேனில் வேளாங்கண்ணி போகையில் பிரிஸ்கில்லாவின் வீட்டுக்காரர், "டீசலுக்கு ஒருக்கா நிறுத்துனா, மதினிக்கு எட்டுத் தடவ நிறுத்தணும்," என்றார். வேனே சிரித்தது. அல்போன்சா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இந்த வருடம் கிளம்பும்போது ஞானதாஸ்தான் சொன்னார்: "மூணு நாளைக்கு மாத்திரைய விட்டுரு. வந்து போட்டுக்கலாம்." அவள் சந்தோஷமாகத் தலையாட்டினாள். திரும்பி வந்த மறுநாளே மூச்சு முட்டியது.

"ஊறுகா இல்லம்மா," என்றார் டெய்சியிடம்.

"சும்மா இருங்கப்பா. என்னையத் தேத்தாதீங்க."

இப்படியே விட்டுவிடலாம். யாரும் கேட்கப்போவதில்லை. டெய்சி மட்டும் ஒவ்வொரு வேளைச் சோற்றிலும் உப்பைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"போயிட்டு வந்த மூணு நாளும் மாத்திர போடல. நாந்தான் வேணாம்னேன். வேன்ல கேலி பண்ணுவாங்கன்னு."

பிரிஸ்கில்லா தலை குனிந்துகொண்டாள். டெய்சி சோப்பைக் கிண்ணத்தில் வைத்தாள்.

"உங்களுக்குத் தெரியாதாப்பா?"

"தெரியும்."

மோதிரத்தோடே அல்போன்சாவைப் பெட்டியில் வைத்தார்கள். அப்பாவின் பக்கத்தில் கிடந்த நாற்காலியை டெய்சி தூக்கிப்போய்ப் பெட்டிக்கு அந்தப் பக்கம் போட்டு உட்கார்ந்தாள்.

சற்று நேரத்தில் கண்ணாடி முழுக்க நீர்த்துளிகள் பூத்தன. டெய்சி தன் பக்கத்தை மட்டும் துண்டால் துடைத்துவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ஞானதாஸின் பக்கத்தில் கண்ணாடி வெளுத்துக்கொண்டே வந்தது. அவர் கை முழங்கால் மேலேயே இருந்தது.