ஒரு படி வெளுப்பு

1

இந்தக் கதை முதலில் மூன்று வரி மன்னிப்புக் கடிதமாக இருந்தது. மூன்று வரியில் கேட்டால் அலட்சியமாகத் தெரிகிறது. முப்பது வரியில் கேட்டால் வக்கீல் நோட்டீஸ் வாடை அடிக்கிறது. ஒரு வாரம் அல்லாடிவிட்டு, கோழைகளுக்கென்றே இலக்கியம் திறந்துவைத்திருக்கும் பின்வாசல் வழியாக நுழைந்தேன். 'நான்' என்று இருந்த இடத்தையெல்லாம் அடித்து 'அவன்' என்று போட்டேன். இனித் திட்டு விழுந்தால் அவனுக்கு விழட்டும்.

2

தொடக்கம் ஒன்று: மாலைச் சூரியன் தன் பொற்கதிர்களை—

(வேண்டாம். அவன் வேலை பார்க்கும் அறைக்கு ஜன்னலே கிடையாது.)

தொடக்கம் இரண்டு: அவன் பொய்ப்பல் செய்கிறவன்.

இது பரவாயில்லை. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளைப் பார்த்து, மெழுகில் வடிவம் பிடித்து, பல்செட் கட்டித் தருகிற லேப். அவன் மேசையில் ஒரு நிறப்பட்டை கிடக்கும்: வெளுப்பிலிருந்து பழுப்பு வரை பதினாறு மாதிரிப் பற்கள், பார்ப்பதற்குச் சாவிக்கொத்து போல. சேர்ந்த முதல் நாளே மூத்த டெக்னீஷியன் சூத்திரத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டார்.

"முழு செட்டுக்குக் கலர்ல சந்தேகம் வந்தா ஒரு படி வெள்ளையா போட்டுடுப்பா. பல்லு வெள்ளையா இருக்குன்னு இதுவரைக்கும் எவனும் திருப்பி அனுப்பினதில்ல."

பதினோரு வருஷமாக அவன் கை அப்படித்தான் வெளுக்கிறது. கண்ணைக் கேட்பதில்லை.

3

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் அவன் வேறு ஆள். ஒரு விண்வெளித் தொடரின் ரசிகர் குழுவில் 'கடைவாய்' என்ற பெயரில் படம் வரைகிறவன். அந்தத் தொடரில் கப்பலின் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் கறுப்பினப் பெண் ஒருத்தி வருவாள். குழுவில் அவளுக்குப் பெயர் எஞ்சின்காரி. மொத்தம் நாலு வசனம். அந்த நாலு வசனத்தை 'மூன்றாம் நிலா' என்ற ரசிகை நாற்பது அத்தியாயமாக வளர்த்திருந்தாள். அவளும் கறுப்பினத்தவள், எங்கேயோ தூர தேசத்தில் பஸ் டெப்போ மெக்கானிக். அவள் எழுத, அவன் வரைய, நாலு வருஷம். இருவருமே தப்பும் தவறுமாக எழுதும் ஒரு பொது மொழியில் அரட்டை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

நாற்பதாவது அத்தியாயத்துக்குப் படம் கேட்டபோது, முதன்முறையாகத் தன் புகைப்படத்தை அனுப்பினாள். "என் எஞ்சின்காரிக்கு என் முகத்தைக் கொடு. யாருக்கும் சொல்லாதே."

நெற்றியில் கிரீஸ். ஒரு புருவத்தில் தழும்பு. சிரிப்பில் முன்பல் ஒன்று பக்கத்துப் பல்மேல் லேசாக ஏறியிருக்கும். தழும்பை அவன் விடவில்லை. பல்லை நிமிர்த்தவில்லை, தொழில் தர்மம். எல்லாம் அச்சு அசல், நிறத்தைத் தவிர.

(இங்கே 'தெரியாமல்' என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். கை செய்தது, கண் பார்த்துவிட்டு "இப்பத்தான் களையா இருக்கு" என்றது. அதற்குத் தெரியாமல் என்று பெயரில்லை.)

4

படத்தைக் குழுவில் போட்டான். பாராட்டுகளுக்கு நடுவே அவள் எழுதினாள்: "ரொம்ப அழகு. ஆனால் இவள் ஏன் இவ்வளவு வெளுப்பு?"

முதல் வரைவில், அவன் அதிர்ந்துபோய் மௌனமாகிறான்.

இரண்டாம் வரைவில், "நானும் கறுப்புதானே, நான் போய் அப்படிச் செய்வேனா?" என்று மனம் நொந்து—

வாசகரே, கவனித்தீர்களா? அதே கை. வரைவுக்கு வரைவு அவனை ஒரு படி வெளுத்துக்கொண்டு வருகிறேன். அசல் நிறம் இது: அவன் ஜோக் அடித்தான்.

"கப்பலில் புது ட்யூப்லைட் மாட்டியிருக்கிறார்கள். உன் கண் கூசினால் கம்பெனி பொறுப்பல்ல."

இருநூற்றுச் சொச்சம் சிரிப்புக் குறிகள். அவன் வாழ்நாள் சாதனை. மறுநாளிலிருந்து அவள் எதை எழுதினாலும் கீழே யாராவது ஒரு ட்யூப்லைட் படத்தைப் போட்டார்கள். எதிலும் நிறத்தையே பார்க்கிறவள் என்றார்கள். அது அவள் முகம் என்று அவர்கள் யாருக்கும் தெரியாது. அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். யாருக்கும் சொல்லாதே என்றாளே, சொல்லவில்லை. வாக்குத் தவறாத உத்தமன்.

தனியாக ஒரு செய்தி வந்தது. "அது என் முகம். உனக்குத் தெரியும்."

இரண்டாம் வரைவில் வந்த அந்த 'நானும் கறுப்புதானே' பதிலை அவன் நிஜமாக அனுப்பியது இதற்குத்தான். மூன்றாம் நாள் நாற்பது அத்தியாயங்களும் இல்லை. அவள் பெயரும் இல்லை.

5

அக்கா இஸ்திரி போட்டுக்கொண்டே கதையைக் கேட்டாள்.

"அந்தப் பொண்ணு என்னடா கேட்டா? ஏன் வெளுப்புன்னு. அவ்வளவுதானே?"

"அவங்க ஊர்ல அது பெரிய விஷயம்க்கா. அவங்க பட்ட பாடு வேற. நமக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்?"

"நமக்குத் தெரியாதா! என் கல்யாண ஆல்பத்த எடுத்துட்டு வா."

"இப்ப எதுக்கு?"

"எடுத்துட்டு வாடான்னா."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு முதல் பக்கத்தைத் திறந்தாள். "யாரு இது?"

"நீதான்."

"நானா? நல்லாப் பாரு. ஸ்டுடியோக்காரர் பாசமாத்தான் செஞ்சாரு. மாமியார் வீட்டுல எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சுது. பதினெட்டு வருஷமா எவளோ ஒருத்தி உங்க மாமா பக்கத்துல நிக்கிறா."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேனே. 'ஓசியில பவுடர் அடிச்சிருக்கான், விடுக்கா'ன்னு நீதான் சிரிச்ச."

அவனுக்கு அது ஞாபகமில்லை. (எனக்கு இருக்கிறது.)

"நானும் கறுப்புதானேக்கா. வேணும்னா செய்வேன்?"

"கறுப்பா இருக்கறவன் மிதிச்சா மட்டும் கால் வலிக்காதாடா?" என்றாள் அக்கா. சட்டையைத் திருப்பிப் போட்டுக் காலரைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

6

முடிவு ஒன்று: அவள் திரும்பி வருகிறாள், மன்னிக்கிறாள். (இது ஒரு படியல்ல, பதினாறு படி.)

முடிவு இரண்டு: அவன் நிறத்தைத் திருத்தி, 'இது அவள் முகம், நான் பாவி' என்று குழுவில் போடுகிறான். (தன் முகத்தைக் காப்பாற்ற மறுபடியும் அவள் முகத்தையே எடுப்பான். அதுவும் அவள் மறைத்துவைக்கச் சொன்ன முகத்தை.)

நடந்தது இவ்வளவுதான். தன் ஜோக்கின் கீழேயே, "அவள் கேட்டது சரி. நான் செய்தது தப்பு" என்று எழுதினான். அதன் கீழே ஒருவர் ட்யூப்லைட் படம் போட்டார். அப்புறம் புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று மாலைகள் உட்கார்ந்து நிறத்தைக் கலந்தான். மூன்றாம் மாலை சரியாக வந்தது. இப்போது படத்தில் கிரீஸ் கிரீஸாக மின்னுகிறது. அவளுக்கு அனுப்ப முகவரியில்லை.

முடிவு மூன்று: இந்தக் கதை. இதிலும் ஒரு திருட்டுத்தனம் இருக்கிறது. நாங்கள் நாலு வருஷம் பேசிய அந்தப் பொது மொழி எனக்குத் தெரியும். தெரிந்தும், அவளால் ஓர் எழுத்துகூடப் படிக்க முடியாத தமிழில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். (ஆமாம், 'நான்' திரும்பி வந்துவிட்டேன். அவன் பாவம், எவ்வளவுதான் சுமப்பான்.)

வேறு பெயரில் எங்காவது எழுதிக்கொண்டுதான் இருப்பாள். அடையாளம் சொல்கிறேன்: இயந்திரம் பழுதாகும் இடத்தில் முதலில் வாசனையைச் சொல்வாள், அப்புறம்தான் சத்தம். அப்படி ஒரு பத்தி கண்ணில் பட்டால், இதை அவளிடம் சொல்வதா, நிம்மதியாக எழுதட்டும் என்று பேசாமல் வந்துவிடுவதா, அது உங்கள் பாடு. எனக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை. சொல்வதென்று முடிவு செய்தால் ஒரே ஒரு வேண்டுகோள்.

என்னை ஒரு படி வெளுத்துச் சொல்லிவிடாதீர்கள்.