வலப்பக்கத்தில் கர்னல்

உருகுவேயின் தலைநகர் மொந்தேவிதேயோவில் ஒரு பத்திரிகையின் ஆண்டிறுதிப் பக்கத்தை எலிதா பென்தன்கோர் இருபது வருடமாக எழுதி வந்தாள். இடப்பக்கம் நாட்டு நடப்பு, வலப்பக்கம் மறைந்த பிரமுகர்கள். அந்த வருடம் வறட்சியில் மாடுகள் செத்து விழுந்தன. ஓர் அமைச்சர் பதவி விலகினார். அக்டோபரில் கர்னல் லெகுனா இறந்தார். பல வருடங்களுக்கு முன் ராணுவ ஆட்சியில் எலிதாவின் தம்பி வில்மரை வீட்டிலிருந்து இழுத்துப்போனவர் அவர். வில்மர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

ஆசிரியர் அனிபல் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, வேண்டுமானால் இதை வேறு யாரிடமாவது கொடுக்கிறேன் என்றார். எலிதா மறுத்துவிட்டாள். ஆனால் 'கர்னல் லெகுனா, வயது 81' என்று எழுதியபின் நாலு நாளாகக் கை ஓடவில்லை.

ஐந்தாம் நாள் கர்னலின் மகள் மிர்தா, அப்பாவின் படத்தைக் கொடுக்க வந்தாள். எலிதா தன் முழுப்பெயரைச் சொன்னதும் மிர்தாவின் முகம் செத்துப்போயிற்று. அந்தப் பெயர் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"என் தம்பிய எங்க வெச்சாருன்னு எப்பவாவது சொன்னாரா?" என்று கேட்டாள் எலிதா.

"இருபது வயசுல கேட்டேங்க. ரேடியோவ சத்தமா வெச்சுட்டார். ஆஸ்பத்திரியில கடைசியா கேட்டேன். சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டார்."

"இப்ப நான் என்னன்னு எழுதறது?"

மிர்தா அப்பாவின் படத்தை மேஜையில் வைத்தாள். பிறகு, "நடந்தத எழுதுங்க. நான் சொன்னதுன்னு கையெழுத்துப் போடறேன்" என்றாள்.

'தான் பிடித்துப்போனவர்கள் எங்கே என்பதை, பெற்ற மகள் கேட்டும் சொல்லாமல் இறந்தார்' என்று எழுதினாள் எலிதா. அனிபல் அந்த வரியை மூன்று முறை படித்தார், மிர்தாவின் கையெழுத்தைப் பார்த்தார், அச்சுக்கு அனுப்பினார்.

டிசம்பர் முப்பதாம் தேதி பக்கம் வெளிவந்தது. காலையிலிருந்தே தொலைபேசியில் வசவு. மறுநாள் மிர்தா கூப்பிட்டாள். புத்தாண்டு விருந்துக்கு வீட்டு வாசலை மிதிக்காதே என்று அண்ணன்கள் சொல்லிவிட்டார்களாம். எலிதாவுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. இவளுக்காவது போய் நிற்க ஒரு கல்லறை இருக்கிறதே என்று நினைத்தாள். அந்த வரி அச்சேறினால் நெஞ்சு கொஞ்சம் லேசாகும் என்று நம்பியிருந்தாள், அதுவும் நடக்கவில்லை.

"நாளைக்கு மத்தியானம் இங்க வாங்க," என்றாள் கடைசியில். "கறி வாட்டறேன். நான் ஒருத்திதான் இருக்கேன்."

மிர்தா வந்தாள். சாப்பிட உட்கார்ந்தபோது சுவரிலிருந்த வில்மரின் படத்தைப் பார்த்து, பிடித்துப்போனபோது என்ன வயது என்று கேட்டாள். இருபத்திரண்டு என்றாள் எலிதா. அதற்குப்பின் இரண்டு பேரும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்கள்.