பழைய வெர்ஷனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை

காலை எட்டு மணிக்கு டயாலிசிஸ் ஏற வேண்டிய அக்கா, பதினொன்றரை ஆகியும் நிலையத்தின் முன்கூடத்திலேயே கால் வீங்கி உட்கார்ந்திருந்தாள். உள்ளே கட்டில்கள் காலியாகத்தான் கிடந்தன. கம்ப்யூட்டர் சர்வரை நிறுத்தி வைத்திருந்தார்கள். யாருக்கு எவ்வளவு நீர் எடுப்பது, எந்த மருந்து எவ்வளவு என்பதெல்லாம் அதற்குள் இருந்தது. அதைப் பார்க்காமல் யாரையும் தொட மாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு மணிக்குள் திறக்காவிட்டால் வேறு ஊருக்கு அனுப்புவார்களாம், அங்கே நாளை சாயங்காலம்தான் இடமாம். அக்காவுக்கோ இப்போதே மூச்சு வாங்கியது.

கூட வந்திருந்தது தம்பி. எல்லோரும் டிரைவிங் வாத்தியார் என்று கூப்பிடும் மனிதர் அவர். பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதிப்பவர்களிடம்கூடக் குரலை உயர்த்தாதவர், அன்று அங்கிருந்த கம்ப்யூட்டர்காரரிடம் எகிறிவிட்டார்.

"என்ன சார், விளையாடுறீங்களா? ஆன் பண்ண எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு நிமிஷம் ஆகும். பண்ணினா எனக்கு வேலை போயிடும்." கம்ப்யூட்டர்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். "உள்ளே ஒரு லைப்ரரி இருக்கு சார், வெளியாள் எழுதி வச்ச ரெடிமேட் புரோகிராம், பழைய ரெண்டாம் வெர்ஷன். அதுல ஓட்டை. எவனாவது ஒரு பொய் ஃபைலை அனுப்பினாப் போதும், உள்ளே புகுந்து மருந்து அளவையே மாத்திடலாம். முந்தாநாள் இன்னொரு ஆஸ்பத்திரியில புகுந்துட்டானுங்க. ஓட்டையை அடைக்கிற வரைக்கும் திறக்கக் கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு."

"புது வெர்ஷனைப் போட வேண்டியதுதானே?"

"போட்டுப் பார்த்தாச்சு. எங்க சாஃப்ட்வேர் அதோட ஒத்துப்போகல. அந்த சாஃப்ட்வேரை எழுதின கம்பெனியை மூடிட்டுப் போய் ஆறு வருஷம் ஆச்சு."

கம்ப்யூட்டர்காரர் அந்த லைப்ரரியின் பெயரைச் சொன்னதும் வாத்தியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பன்னிரண்டு வருஷமாக, பெற்ற பிள்ளையின் பெயரைவிட அதிகமாக வீட்டில் கேட்கிற பெயர் ஆயிற்றே! யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தட்டும் என்று அவர் மனைவி எழுதி, இலவசமாகத் திறந்து வைத்திருக்கும் நிரல் அது. அவர் போனை எடுத்தார்.

இருபதாவது நிமிஷம் லேப்டாப் பையோடு அவள் வந்து நின்றாள். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "பெட்டிக்காரி வந்துட்டாளா? என் வீட்டுக்கு வர மட்டும் நேரம் இருக்காது."

மூன்று வருஷக் கோபம் அது. அக்கா புது வீட்டுக்குக் குடிபோன அன்று குடும்பமே போயிருந்தது, அவள் மட்டும் போகவில்லை.

"எப்படி இருக்கீங்க அண்ணி?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவள் சர்வர் அறைக்குள் போனாள். பின்னாலேயே வாத்தியாரும் போனார்.

"ரெண்டாம் வெர்ஷன்லயே கடைசியா வந்தது எதுன்னு பார்த்தீங்களா சார்?"

"பழசை இனிமே கவனிக்க மாட்டோம்னு முதல் பக்கத்துலயே போட்டுட்டான்மா. எழுதினவன் எங்கேயோ தாடியை நீவிக்கிட்டு உக்காந்திருப்பான். நமக்காகப் பழசைத் தொடுவானா?"

வாத்தியார் வாயைத் திறந்தார். அவள் ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டார்.

"கீழே பழைய வெளியீடுகள்னு ஒரு பட்டியல் இருக்கும். அதைத் திறங்க சார்."

திறந்தார். ரெண்டாம் வெர்ஷனுக்கு, அந்த ஒரே ஓட்டையை மட்டும் அடைத்து, வேறெதையும் தொடாமல் ஒரு வெளியீடு அங்கே இருந்தது. மூன்று வருஷமாக இருந்தது.

"அடக் கடவுளே!" கம்ப்யூட்டர்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "ஓடுறதுல எதுக்குக் கை வைக்கணும்னு நானும் எட்டிப் பார்க்காம விட்டுட்டேனே! ஆனா இதைக் கொஞ்சம் கொட்டை எழுத்துல போட்டா என்னவாம் அவனுக்கு?"

"நியாயம்தான்" என்று அவள் தன் லேப்டாப்பில் குறித்துக்கொண்டாள்.

பிறகாவது அவசரப்பட்டாளா? அதுதான் இல்லை. வந்த ஃபைல் வழியில் யாரும் மாற்றாத அசல்தானா என்று முதலில் சரிபார்க்க வைத்தாள். வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றி, நேற்றைய நோயாளிகளின் கணக்கு அச்சுப் பிசகாமல் வருகிறதா என்று பார்க்கச் சொன்னாள். அப்புறம் தானே ஒரு பொய் ஃபைலைத் தயாரித்துப் பழையதன்மேல் ஏவினாள். அது வாயைத் திறந்து விழுங்கியது. அதையே புதியதன்மேல் ஏவினாள். அசையவில்லை. "இன்னொரு தடவை" என்றாள். வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். ஆனாலும் அந்த விரல்களின் நிதானத்தைப் பார்க்கப் பார்க்க அவருக்குப் பெருமை தாங்கவில்லை. இத்தனை வருஷம் இவளோடு குடித்தனம் நடத்தி, இவள் வேலை செய்வதை ஒரு நாளாவது உட்கார்ந்து பார்த்திருக்கிறோமா?

அப்போதுதான் திரையில் அந்த வெளியீட்டின் தேதி கண்ணில் பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்கா குடிபோன அதே ஞாயிற்றுக்கிழமை.

அன்று வாசலில் நின்று அவர் கத்திய கத்தல் அவருக்கு ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் வந்தது. "பழசைக் கட்டிக்கிட்டு அழறவன் அழட்டும், உனக்கென்ன வந்தது?" அவள் தலையைத் தூக்காமலே, "ஓட்டை இருக்குன்னு வெளிய தெரிஞ்சுபோச்சுங்க. மாத்த முடியாதவங்க எங்கேயாவது இருப்பாங்க" என்றாள். அதற்குப் பிறகு ஒரு வாரம் அவர் அவளோடு பேசவில்லை. வெட்கமாக இருந்தது அவருக்கு, அவ்வளவு வெட்கம்.

ஒன்றே முக்காலுக்கு மேலிடம் சம்மதித்தது. சர்வர் திறந்தது. டாக்டர் திரையைப் பார்த்துத் தலையாட்ட, முதல் கட்டிலில் அக்காவை ஏற்றினார்கள். குழாயில் ரத்தம் ஓட ஆரம்பித்ததும் வாத்தியார் அருகே குனிந்து எல்லாவற்றையும் சொன்னார். தேதியையும் சொன்னார்.

மல்லாந்து கிடந்த அக்காவின் கண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது. துடைக்க, ஊசி குத்தியிருந்த கையைத் தூக்க முடியாது, இன்னொரு கையால் தம்பியின் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வர்ற ஞாயித்துக்கிழமை அவளை வீட்டுக்குக் கூட்டிட்டு வாடா" என்றாள். "அந்தப் பெட்டியையும் எடுத்துட்டு வரச் சொல்லு. ஜன்னல் பக்கத்துல மேஜை போட்டு வைக்கிறேன்."