கம்பி வைத்த ஜன்னலில் ஒரு லத்தீன் சொல்

1

அதிகாரம் வீழ்ந்த வரலாறு என்பது ஜன்னல்களின் வரலாறு.

இப்படித் தொடங்கினால் கம்பீரமாக இருக்கும் என்று இதை எழுதும் கணக்கர் நினைத்தார். ('நான்' என்று எழுதினால் ஆபீசில் ஆள் தெரிந்துவிடும். ஆகவே 'அவர்'.) உண்மையில் கதை பிறந்தது வரலாற்றில் அல்ல. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் 'இன்றைய சொல்' வந்தது: டீஃபெனஸ்ட்ரேஷன்.

லத்தீனில் 'டே' என்றால் 'இருந்து'. 'ஃபெனெஸ்ட்ரா' என்றால் ஜன்னல். ஆளைத் தூக்கி ஜன்னல் வழியே எறிவதற்கென்றே ஒரு சொல்! பதவியிலிருந்து துரத்துவதற்கும் அதையே சொல்வார்களாம். (நாம் 'தூக்கியடிப்பது' என்கிறோம். ஜன்னல் செலவு மிச்சம்.)

மேலாளர் வெள்ளிக்கிழமைதான் அவரைத் தூக்கியடித்திருந்தார், ஜன்னலோர இருக்கையிலிருந்து அடித்தளத்துப் பழைய கோப்பறைக்கு. திங்கட்கிழமை போய் 'முடியாது' என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஓய்வு பெறும்வரை அங்கேதான். இன்று ஞாயிறு. ஆகவே கதை எழுதுகிறார்.

2

'மேலாளரின் காலரைப் பற்றித் தூக்கிய கணக்கன், மூன்றாம் மாடி ஜன்னல் வழியே அவரை அப்படியே—'

மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"ஜன்னல்ல கம்பி இருக்குமே?"

"இது கதைம்மா."

"கதைன்னா? ஆளைச் சாறு பிழிஞ்சா வெளியே அனுப்புவீங்க?"

(லத்தீன்காரன் வீட்டு ஜன்னலில் கம்பி கிடையாது போலிருக்கிறது. இது விசாரித்து எழுதிய குறிப்பு அல்ல.)

3

திருத்திய பிரதி. கம்பியை அறுக்க ஒரு வெல்டர் வருகிறார். தூக்கிய மேலாளரைக் கணக்கன் கீழே இறக்கி, நாற்காலி போட்டு உட்கார வைக்கிறான். வெல்டருக்குக் கரண்ட் வேண்டும். அதற்கு மேலாளரின் அனுமதி வேண்டும். மேலாளர் பேனாவை எடுத்து—

"போட்டுக் குடுத்துடுவாரா கையெழுத்து?"

"என் கதையில குடுப்பார்."

"அவ்வளவு நல்ல மனுஷன்கிட்ட நாளைக்கு நேராவே கேளுங்களேன், என் சீட் எனக்கு வேணும்னு. கேட்டா வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?"

"கேட்கத்தான் போறேன். அதுக்குத்தான் மனசைத் தயார் பண்ணிட்டிருக்கேன்."

"லத்தீன்லயா?"

4

முடிவுகள்.

ஒன்று: மேலாளர் பறக்கிறார். கீழே மணல் குவியல். (கணக்கருக்கு இளகிய மனசு.)

இன்னொன்று: கணக்கன் மேசையில் ஓங்கி அடித்து "முடியாது" என்கிறான். அலுவலகமே எழுந்து நின்று கைத— (இதை எழுதியவருக்கே நம்பிக்கை வரவில்லை.)

வாசகர் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் பிடிக்காதவர் தாமே ஒரு ஜன்னல் பார்த்துக்கொள்ளட்டும். கதை ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்தது. மேற்கொண்டு நடந்தது கதையில் சேராது.

திங்கட்கிழமை அவர் தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு படியிறங்கினார். அடித்தளத்தில் மேலாளர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

கணக்கர் "தேங்க்ஸ் சார்" என்றார்.