டொராண்டோவுக்கு வாங்கிய கோட்டு

ஆபீஸ் வேலையாக டொராண்டோவுக்குப் போவது தான்தான் என்று ஜானவி தானாகவே முடிவுகட்டி, குளிர்கோட்டும் வாங்கி, திருவனந்தபுரத்தில் தன் கரமனைத் தெரு முழுக்கச் சொல்லியும் ஆயிற்று. கோட்டு தோளில் கொஞ்சம் தொளதொளப்பு, போகட்டும். கடைசியில் மேலதிகாரி யூசுப் சார், வேலை கொடுத்த கனடாக்காரர்களிடம் பேசும் பொறுப்பை ரெம்யாவிடம் கொடுத்துவிட்டார். அவர்களுக்குப் பிடித்துப்போனால் மூன்று வாரப் பயணமும் அவளுக்கே. சாலைக் கடைவீதிப் பெண், கழக்கூட்டம் ஆபீசில் சேர்ந்து ஆறே மாதம்! ஜானவிக்கு நான்கு வருஷம். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

பனித்தரையில் சறுக்கி ஆடும் ஐஸ் ஹாக்கி வீரர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று வரைபடம் போடுவதுதான் வேலை. அறுபது வருஷம் முன்னால் வட அமெரிக்காவின் பெரிய ஹாக்கி லீகில் ஆடியவர்கள் ஏறக்குறைய எல்லாருமே கனடாக்காரர்கள். அப்புறம் ஸ்வீடன், பின்லாந்து, செக், ரஷ்யா என்று வந்து இறங்கினார்கள், அமெரிக்கர்களும் பெருகினார்கள். இன்று கனடாக்காரர்கள் பாதிகூட இல்லை. நேற்று வந்தவர்களிடம் இடத்தை விட்டுவிட்டு நிற்பது எப்படியிருக்கும் என்று ஜானவிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ரெம்யாவின் வரைபடத்தில் குற்றம் தேடினாள். கிடைத்தது! அமெரிக்கர்கள் என்று எண்ணியதில் பதினாறு பேருக்கு அப்பா பழைய கனடா ஹாக்கி வீரர், பிள்ளை பிறந்தது மட்டும் அமெரிக்காவில். அடி அசடே, அம்மா வீட்டில் பிரசவம் நடந்தால் அது சொந்த ஊராகிவிடுமா? ஜானவியே பிறந்தது கல்லிடைக்குறிச்சியில், அம்மாவின் பிறந்தகத்தில். ஆனால் ஊர் எது என்றால் திருவனந்தபுரம் என்றுதான் சொல்வாள். அப்பாக்களின் பெயர், ஆடிய அணி, வருஷம் எல்லாம் தேடி இரண்டு நாள் உட்கார்ந்து பட்டியல் போட்டாள். யாரிடமும் மூச்சுவிடவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் வீடியோவில் அந்தக் கனடாக்காரர்கள் சார்பில் ஒரு அம்மாள் வந்தாள். ரெம்யா பாதி பேசுவதற்குள் ஜானவி குறுக்கே புகுந்து பட்டியலைத் திரையில் போட்டாள். இவர்களெல்லாம் தாய்வீட்டுப் பிரசவம், கனடாவில்தான் சேர்க்கவேண்டும் என்று அடித்துச் சொன்னாள்.

அந்த அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. யூசுப் சார் விளக்கியதும் சிரித்துவிட்டாள். தாய்வீடும் இல்லை, ஒன்றும் இல்லை. அப்பாக்கள் அமெரிக்க அணிகளுக்கு ஆடப் போனார்கள், குடும்பமும் கூடப் போயிற்று. பிள்ளைகள் அங்கேயே பிறந்து, அங்கேயே பனியில் சறுக்கப் பழகினார்கள். ரெம்யா எண்ணியதுதான் சரி. ஆனால் இந்தப் பட்டியல் பிரமாதம், ஆட்டம் இடம் மாறிய கதையே இதில் இருக்கிறது, ரெம்யா வரும்போது இதையும் கொண்டுவரட்டும் என்றாள்.

ரெம்யா வரும்போது! அப்படியென்றால் பயணம் அவளுக்கே என்று முடிவாகிவிட்டது.

"சேச்சி, லிஸ்ட் கொள்ளாம், ரொம்ப நல்லாருக்கு கேட்டியளா!" ரெம்யா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "அங்க உங்க பேரைத்தான் முதல்ல சொல்லுவேன். பின்னே... குளிருக்குக் கோட்டு வாங்கி வச்சிருக்கியளாமே. மூணு வாரத்துக்கு எனக்குத் தருவியளா?"

அவள் முகத்தில் கள்ளமே இல்லை. இருந்திருந்தால் ஜானவிக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

"அதுக்கென்ன, எடுத்துண்டு போயேன்" என்று வாய் சொல்லிவிட்டது.

மறுநாள் ஆபீஸ் ஏசியில் ரெம்யா அதைப் போட்டுப் பார்த்தாள். பாழாய்ப்போன கோட்டு, அளவெடுத்துத் தைத்தாற்போல அவளுக்குக் கச்சிதமாக இருந்தது.