என் மாமியார் முடிச்சில் கை வைத்த நாள்

என் மாமியார் இனெமோவுக்கு வாய் கொஞ்சம் நீளம். கல்யாணமான நாளிலிருந்து அந்த வாய்க்கு நான்தான் தீனி. ஆனாலும் சொல்கிறேன், எங்கள் நைஜர் ஆற்றுக் கழிமுகம் முழுக்கத் தேடினாலும் அவரைப் போல இன்னொரு மனுஷி கிடைக்கமாட்டார்.

அன்று காலை எண்ணெய் நிலையத்தின் வாசலில் துப்பாக்கியோடு காவல் நின்றேன். உள்ளூர்க்காரர்களையே காவலுக்கு வைத்தால் ஊர் கல்லெறியாது என்பது கம்பெனியின் கணக்கு. முந்தின நாள் குழாய் வெடித்து, கச்சா எண்ணெய் ஓடையில் இறங்கிக்கொண்டிருந்தது. மதியம் கடல் ஓதம் ஏறினால் அத்தனையும் அலையாத்திக் காட்டுக்குள் போய்விடும். நண்டும் நத்தையும் அங்கேதான். எங்கள் சோறும் அங்கேதான்.

தோணிகளில் வந்திறங்கிய பெண்களுக்கு முன்னால் மாமியார் நின்றார்.

"மாப்ளே, வால்வை இப்பவே மூடச் சொல்லு."

"தலைமை ஆபீஸ் உத்தரவு வரணுமாம் அத்தை."

"ஓதம் எவன் உத்தரவுக்குக் காத்திருக்கு? சம்பளம் வாங்கி வாங்கி மூளையும் எண்ணெயில ஊறிடுச்சா?"

பெண்கள் சிரித்தார்கள். வெளிநாட்டு மேனேஜர் வெளியே வந்து, "இவங்களத் தள்ளிவிடுங்க" என்றார்.

காவலர்கள் நாங்கள் ஓரடி முன்னால் எடுத்து வைத்தோம். மாமியார் பேச்சை நிறுத்தி, இடுப்புத் துணியின் முடிச்சில் கை வைத்தார். பின்னால் நின்ற தாய்மார்களின் கைகளும் அவரவர் முடிச்சுக்குப் போயின.

பிள்ளை பெற்றவள் சபித்துத் துணி அவிழ்ப்பதைப் பார்த்தவன் உருப்பட்டதாக எங்கள் பக்கம் சரித்திரமே இல்லை. துப்பாக்கிகளைக் கீழே போட்டுவிட்டு எல்லோரும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டோம்.

"கிழவிங்க துணிக்கா பயப்படுறீங்க?" என்று மேனேஜர் கத்தினார்.

"ஆமா சார்" என்றேன். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி வால்வு வரைக்கும் போனேன். சக்கரத்தை முடிந்தமட்டும் திருகினேன். குழாயின் இரைச்சல் அடங்கியது. என் வேலையும் அத்தோடு போனது.

ஓதம் ஏறியது. சதுப்பின் ஓரம் கறுத்தது, உள்காடு பிழைத்தது.

திரும்பும்போது தோணியில் துடுப்புப் போட்டபடி கேட்டேன். "அத்தை, மூடலைன்னா நெசமாவே அவுத்திருப்பீங்களா?"

"அவுத்திருப்பேன்."

"சாபம் என் தலையிலயும்ல விழும்! உங்க மக கதி?"

அவர் கண் கலங்கியதை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

"தெரியும் மாப்ளே. நீ முன்னாடி நிக்கிறதப் பாத்ததும் எம் மக முகந்தான் கண்ணுல வந்துச்சு. ஆனா முடிச்சிலேர்ந்து கைய எடுக்கல."