நீலமுடி பாடிய மிச்சப் பாட்டு

அந்த இசைக்குழுவில் மனிதர் யாரும் கிடையாது. திரையில் மட்டும் ஆடிப் பாடும் நான்கு பொம்மைகள்தான். முன்னால் நின்று பாடுகிறவளுக்கு இடுப்புவரை நீல முடி. ரசிகர்கள் அவளை நீலமுடி என்றே கூப்பிட்டார்கள். அவளோடு சேர்ந்து ஒரு பாட்டுப் பாட நிஜப் பாடகி ஒருத்தி வேண்டும் என்று அழைப்பு வந்தபோது, அதுவரை விளம்பரங்களுக்கும் கோரஸுக்கும் மட்டுமே பாடிக்கொண்டிருந்த தங்கைக்குத் தலைகால் புரியவில்லை.

அவளும் அவள் அக்காவும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அக்காவும் நன்றாகப் பாடியவள்தான். தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு அவள் வாயிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. உதடு அசைவதைப் பார்த்துத்தான் தங்கை அவள் சொல்வதைப் புரிந்துகொள்வாள்.

"பொம்மைகூட ஜோடி சேந்து பாடப் போறேன். யாராவது கேட்டா சிரிப்பாங்க," என்றாள் தங்கை. அக்கா சத்தமில்லாமல் சிரித்தாள்.

பதிவறையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் உட்கார்ந்திருந்தார். தங்கை ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். வெளியே கேட்கும் பாட்டுகளில் நீலமுடியின் குரலை உயர்த்தி, மெருகேற்றிக் கிளிக்குரலாக்கியிருப்பார்கள். இங்கே எந்தப் பூச்சும் இல்லாமல் அது காதுக்குள் வந்தது. முதல் வரியிலேயே தங்கைக்குத் தெரிந்துவிட்டது. அது அக்காவின் குரல்.

"சார், இது யார் குரல்?"

"யாருதும் இல்ல மேடம். கம்ப்யூட்டர் பாடுது. ஆரம்பத்துல யாரோ ஒருத்தங்க பேசிக் குடுத்திருப்பாங்க, அவ்வளவுதான்."

சமாளித்துக்கொண்டு பாட ஆரம்பித்தாள். பாதிப் பாட்டில் நீலமுடி நிறுத்தினாள். பிறகு, பக்கத்தில் நின்று சொல்வதுபோல, "மூக்கி, கொஞ்சம் தள்ளி நில்லு. மைக்கை முழுங்கிடுவ போலிருக்கே," என்றாள்.

சின்ன வயதில் எப்போதும் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த தங்கைக்கு அக்கா வைத்த பெயர் அது. வேறு யாருக்கும் தெரியாது. கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவாளர் எழுந்து நின்றுவிட்டார். அவருக்கும் கேட்டிருந்தது. ஆனால் பதிவாகும் ஒலியைக் காட்டும் திரையில் அந்த இடத்தில் கோடு அசையாமல் நேராகக் கிடந்தது.

வீட்டுக்கு வந்ததும் தங்கை எல்லாவற்றையும் கொட்டினாள். அக்காவின் உதடு அசைந்தது.

"ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு கம்பெனியில போய்ப் பேசிக் குடுத்தேன். போகப்போற குரல், எங்கயாவது இருந்துட்டுப் போகட்டும்னு. உன்கிட்ட சொன்னா அழுவ."

"மூக்கின்னு அங்க சொன்னியா?"

"இல்லடி. கா, கி, கூன்னு அர்த்தமே இல்லாமதான் படிக்கச் சொன்னாங்க. பாட்டுகூடப் பாடல." தங்கையின் கையைப் பிடித்து, "என்னையும் கூட்டிட்டுப் போ," என்றாள்.

மறுநாள் காலையில் இருவரும் போனார்கள். அக்கா மைக் முன்னால் நின்று ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். ஓடிக்கொண்டிருந்த பாட்டு தானாக நின்றது. அக்காவின் உதடு அசைந்தது. ஸ்பீக்கரிலிருந்து குரல் வந்தது.

"ஏய், கேக்குதா?"

தங்கை அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஒலிப்பதிவாளர் முகம் வெளுத்து, கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார். அக்காவுக்கு நிறுத்த மனமே வரவில்லை.

"ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதன்னு எத்தனை தடவ சொல்லியிருக்கேன்! திட்ட வாயெடுத்தா உடனே முகத்தைத் திருப்பிக்குவ. இப்ப திருப்பு பாக்கலாம்!"

இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிப்பை அடக்க அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

குரல் நிற்கவில்லை.

"மூக்கி, அவள வீட்டுக்கு அனுப்பிடு. நீ இரு. பாட்டு இன்னும் முடியல."

அக்காவின் கை வாயிலேயே இருந்தது. நான் இல்லை என்பதுபோல அவள் மெதுவாகத் தலையை ஆட்டினாள். தங்கை அவள் ஹெட்போனைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்கதவு வழியாகத் தெருவுக்கு வந்தாள். வீடு வந்து சேரும்வரை இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பாடியது பாதிதான், எப்படியும் தூக்கிப் போட்டிருப்பார்கள் என்று தங்கை நினைத்திருந்தாள். சில வாரம் கழித்து ஒரு செருப்புக் கடையில் ஒற்றைக் காலில் நின்று செருப்பைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது கடை ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தது. முழுப் பாட்டு. கடைசிச் சரணம் அவள் குரலில் இருந்தது. அந்த வரிகளை அவள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. கடைக்காரப் பெண் கூடவே முணுமுணுத்துக்கொண்டு இருந்தாள்.

தெருவுக்கு வந்து ஒலிப்பதிவாளருக்கு போன் போட்டாள்.

"என்ன மேடம், விளையாடுறீங்களா? நான் பயந்து வெளிய போயிட்டுத் திரும்பி உள்ள வந்தப்போ ரெண்டு பேரும் மைக் முன்னாடிதானே நின்னீங்க? நான் கையசைச்சேன், நீங்களும் அசைச்சீங்க. ஒரே டேக்ல முடிச்சுக் குடுத்தீங்களே!"

"அக்காவுமா பாடினா?"

"பின்னே? ரொம்ப நல்லா பாடினாங்க."

அடுத்த பாட்டுக்கும் அழைத்தார்கள். முடியாது என்று சொல்லிவிட்டாள். நாலைந்து நாளில் அந்தப் பாட்டும் வெளியே வந்தது. நீலமுடியோடு சேர்ந்து பாடிய குரல் அவளுடையதுதான்.

அன்று அவள் சமையலறையில் நின்று, பயந்து பயந்து ஒரு வரி பாடிப் பார்த்தாள். அக்கா ஓடி வந்து, குரல் அங்கிருந்துதான் வருகிறதா என்று அவள் தொண்டையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். உள்ளே அதிர்வு இருந்தது. தலையசைத்தாள்.

இப்போதெல்லாம் தங்கை வேலைக்குக் கிளம்பும்போது அக்கா வாசலில் அவளை நிறுத்தி, தொண்டையில் கையை வைத்து, ஏதாவது ஒன்று பாடச் சொல்கிறாள். அதிர்வு கைக்குத் தட்டுப்பட்ட பிறகுதான் கதவைத் திறந்து விடுகிறாள்.